இடைவேளை மணி வரைக்கும் பார்வை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த வயதிலும் வருகிறது. எனக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. தேவைக்கு அதிகமாகவே தெரிந்தது. மற்றவர்களுக்கு ஒரு விளக்கு எரிந்தால் எனக்கு ஐந்தாறு எரியும். நிலா கொத்தாகத் தெரியும். புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் அதற்கு மேலும் கீழும் அதே வரி புகையாக ஓடும். எது அசல், எது நகல் என்று கண்டுபிடிப்பதற்குள் தலை வெடித்துவிடும்.

அப்போது நானும் அம்மாவும் காஜா பெராங் பகுதியில், தலைமுறைகளுக்கு முன் வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழர்களான ஒரு சிட்டிக் குடும்பத்தின் பலகை வீட்டில் பின்பகுதியை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தோம். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கான்வென்ட்டில் துணி துவைத்தாள். நான் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக டீச்சர். பாடப் புத்தகங்கள் எனக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனப்பாடம். வகுப்பில் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வதெல்லாம் ஒப்புக்குத்தான். கரும்பலகையில் நான் எழுதியது கோணலாகப் போனால் பிள்ளைகள் சிரிக்கும். நான் திரும்பி ஒரு முறை முறைத்தால் அடங்கிவிடும். எந்தப் பக்கம் முறைக்கிறேன் என்று எனக்கே தெரியாது என்பது அதுகளுக்குத் தெரியாதே.

மெர்டேக்கா, நாட்டுச் சுதந்திரம், வந்து அடுத்த வருடம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்களுக்கு வேலைகள் திறந்துகொண்டிருந்தன. தற்காலிக டீச்சர்களும் வார இறுதியில் பயிற்சிக்குப் போனால் நிரந்தரமாகலாம் என்று சொன்னார்கள். எனக்கு வாயெல்லாம் பல். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும், கண்ணையும் பார்ப்பார்கள், கண் தேறாவிட்டால் தற்காலிக வேலையும் போய்விடும் என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னார்கள். வந்த சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது.

முன்கூட்டியே போய்க் கேட்டுவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டர், நெட்டையாக, எப்போதும் அவசரத்தில் இருப்பவர். என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழி உருண்டையாக இருக்க வேண்டியது, எனக்கு வாழைப்பூ நுனி மாதிரி கூம்பிக்கொண்டு வருகிறதாம். கண்ணாடி போட்டுப் பிரயோஜனம் இல்லையாம். செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். "டீச்சர் வேலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்" என்று இங்கிலீஷில் சொன்னார். வேறு ஏதாவது என்றால் என்ன? கண் வேண்டாத வேலை ஒன்று இருந்தால் அதையும் அவரே சொல்லியிருக்கலாமே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். அழுதது துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

மறுநாள் ஜாலான் பெண்டஹாராவில் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரை ஊரில் எல்லோரும் அண்ணன் என்ற உரிமையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துச் சலித்துப்போனவர் அவர்தான். சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரரின் கண்ணாடிக் கடையில் பல வருடம் வேலை பழகிவிட்டு இங்கே வந்து சொந்தக் கடை போட்டவர். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"தங்கச்சி, மூக்கு மேல மாட்டுறது எதுவும் ஒனக்கு ஆகாது. அது நெசந்தான். ஆனா கண்ணுக்குள்ளயே போடுற லென்சு ஒண்ணு இருக்கு. முழுக் கண்ணையும் மூடிக்கும், இமைக்கு உள்ள ஒக்காந்துக்கும். லென்சுக்கும் கண்ணுக்கும் நடுவுல தண்ணி நிக்கும். ரோட்டுல பள்ளம் மேடு இருந்தாலும் மழைத்தண்ணி நின்னா மேல சமமா தெரியுதுல்ல? அந்த மாதிரி ஒன் கண்ணு சமமாயிடும்."

"அப்ப ஏன் நானா இத்தன நாளு சொல்லல?"

"அதுக்கு மொதல்ல ஒன் கண்ணுல அச்சு எடுக்கணும். பல் டாக்டருங்க பல்லுக்கு அச்செடுப்பாங்களே, அதே மாவக் கொழச்சி கண்ணுல விட்டு எடுக்கணும். சிங்கப்பூர்ல தொரை செய்யறப்ப பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன். அவரு பாத்துக்கிட்டு நிக்க, என் கையாலயும் செஞ்சிருக்கேன். தனியா, இந்த ஊர்ல, யாருக்கும் செஞ்சதில்ல." குரலைத் தாழ்த்தினார். "நான் டாக்டர் இல்ல தங்கச்சி. கண்ணாடிக் கடைக்காரன். அத மறந்துட்டு இந்த நாற்காலியில வந்து ஒக்காராத."

நேர்மையாகத்தான் சொன்னார். ஆனால் டாக்டர் கைவிட்ட பிறகு நான் எங்கே போவேன்? உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சேதி காற்றில் போய், குழாயடியில் திரும்பி வரும்போது "கண்ணாடிக் கடைக்காரன் டீச்சர் கண்ணுல சிமெண்டு ஊத்தப் போறானாம்" என்று ஆகிவிட்டது. முன்பக்கத்தில் குடியிருந்த வீட்டுக்காரச் சிட்டி அம்மாவுக்குப் பெயர்தான் நம் பெயர், பேச்சு மலாய். அவரும் வந்து, "மாத்தா இத்து, ஜாகா பாயிக்-பாயிக்" என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனார். பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எப்படி என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

"இருக்குற கண்ணும் போயிட்டா என்னடி செய்வ? யாருடி ஒன்னைக் கட்டிக்குவான்?" என்றாள் அம்மா.

"கட்டிக்கிறவன் கெடக்கட்டும். வேலைய விட்டுத் தூக்கிட்டா நானும் ஒன்கூட ஒக்காந்து துணி தொவைக்கவா? அழுக்கு எங்க இருக்குன்னு கூட எனக்குத் தெரியாதேம்மா!"

அம்மாவுக்குத் தொட்டியில் ஊறிய கை, விரல் நுனியெல்லாம் வெள்ளையாக வெடித்திருக்கும். அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

கடை மூடியிருக்கும் ஒரு நாளாகப் பார்த்து அம்மாவும் நானும் போனோம். அம்மாவை முன்பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, என்னைப் பின்னறையில் சாய்வு நாற்காலியில் சாய்த்தார் நானா. கையை வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கண் மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விட்டார். "இது எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் கேக்காத" என்றார். காயத்துக்குக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரஸர் ஒருவர் அவருக்குக் கூட்டாளி என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

கண் மரத்தது. பயம் மரக்கவில்லை.

"மாவு இறுகுற வரைக்கும் கண்ணு அசையக் கூடாது. இந்தக் கண்ணு மட்டும் இல்ல, அந்தக் கண்ணும். ஒண்ணு அசஞ்சா ரெண்டும் அசயும். அச்சு கோணிப் போச்சுன்னா லென்சு கண்ண அறுத்துடும். வெளங்குதா?"

"எதைப் பாத்துக்கிட்டு இருக்கணும்?"

சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருந்தார். அதைப் பார்க்கச் சொன்னார். "எந்தப் புள்ளிய நானா? அங்க ஏழெட்டு இருக்கு" என்றேன். அவர் திகைத்துப்போனது மூச்சிலேயே தெரிந்தது. சிங்கப்பூரில் அந்தத் துரை என்ன செய்தார் என்று யோசித்திருப்பார். பிறகு என் வலது கையைப் பிடித்து நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி வைத்தார்.

"ஒன் வெரல் எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியும்ல? தெளிவா தெரிய வேணாம். இருக்குற எடம் தெரிஞ்சாப் போதும். அங்கயே பாரு. கைய ஆட்டாத."

நடுவில் குழாய் வைத்த ஒரு சின்னக் கிண்ணத்தை இமைகளுக்கு உள்ளே செருகினார். ஊசிக்குழல் வழியாக மாவை விட்டார். ஐஸ் மாதிரி ஒரு குளிர்ச்சி கண்ணுக்குள் பரவியது. உள்ளே நிரம்பி, வழிந்து, கன்னத்தில் இறங்கியது. நான் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சைக்கூட அளந்து விட்டேன். தோள் கடுத்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா திரையை விலக்கிவிட்டாள். உள்ளே சத்தமே இல்லை என்று பயந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். மகளின் கண்ணில் ஒரு குழாய் நட்டுக்கொண்டு நிற்கிறது, கன்னத்தில் வெள்ளையாக ஏதோ ஒழுகுகிறது.

"ஐயோ! அடப்பாவி! என் புள்ள கண்ணு கரைஞ்சு ஊத்துதே!"

ஓடிவந்து என் தோளைப் பிடிக்கப் போனாள். நானா குறுக்கே கையை நீட்டி, "அம்மா, தொடாதீங்க! அல்லா பேரால கேக்குறேன், தொடாதீங்க!" என்று கத்தினார். திரும்பிப் பார்க்கச் சொல்லி உடம்பு முழுக்கத் துடித்தது. திரும்பினால் எல்லாம் போச்சு. உதட்டை மட்டும் அசைத்து, "அம்மா, நீ இப்ப வாய மூடல, நான் உசுரோட வீட்டுக்கு வரமாட்டேன்" என்றேன். அம்மா வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கட்டைவிரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானா அச்சை உருவி எடுத்தபோது ஜிவ்வென்று ஒரு சத்தம். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அசையல. ஒரு மயிரளவு கூட அசையல" என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மற்றொரு கண்ணுக்கு வேறொரு நாள் எடுத்தோம். அன்றைக்கு அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

அச்சுகளை நானா சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தார். லென்ஸ்கள் அங்கிருந்து ஒரு சின்ன டப்பாவில் வந்தன. சோடா உப்பு கரைத்த தண்ணீரை லென்ஸில் நிரப்பி, தலையைக் குனிந்து, இமையைத் தூக்கி, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் கண்ணில் ஏற்ற வேண்டும். குமிழ் நுழைந்துவிட்டால் கழற்றி மறுபடி முதலிலிருந்து. கழற்றுவதற்கு, லென்ஸில் ஒட்டி உறிஞ்சி இழுக்கும் ஒரு குட்டி ரப்பர் குமிழ் கொடுத்தார் நானா. எத்தனையோ தடவை தோற்றேன். கண் சிவந்து மிளகாய்ப் பழமாகிவிடும். வாயில் வந்தபடி திட்டுவேன். நானாவைத் திட்டினேன், சிங்கப்பூரைத் திட்டினேன், வாழைப்பூவையும் திட்டினேன்.

சரியாக உட்கார்ந்த அன்று நான் முதலில் பார்த்தது சுவரில் ஒரு பல்லியை. ஒரே ஒரு பல்லி! அதற்குக் கால்விரல் இருந்தது. "அம்மா, பல்லிக்கு வெரல் இருக்கும்மா" என்று கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவள் முகத்தை அத்தனை வருடம் கழித்து ஒரே முகமாகப் பார்த்தேன். இவ்வளவு களைத்துப்போயிருந்தாளா? அழுதால் லென்ஸ் நகர்ந்துவிடும் என்று அழுகையை அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அதில் ஒரு பெரிய சூசா, தொல்லை, இருந்தது. இரண்டு மூன்று மணி நேரம் போனால் விளக்கைச் சுற்றி வானவில் கட்டும். அப்புறம் ஊரே பனி மூடும். கண்ணுக்குக் காற்று போதவில்லை என்றார் நானா. "மேகம் கட்டுனா கழட்டிடணும். கொஞ்ச நேரம் கண்ண சும்மா விட்டுட்டு, புதுத் தண்ணி ஊத்திப் போடலாம். வீம்பு புடிச்சு வெச்சிருந்தன்னா கண்ணு புண்ணாயிடும்." எவ்வளவு பழகினாலும், கழற்றிக் கழற்றிப் போட்டாலும், மொத்தத்தில் அரை நாளைத் தாண்ட முடியவில்லை. அரை நாள் கண்தான் எனக்கு. சோதனைக்கு அது போதும் என்று நினைத்தேன்.

சோதனை ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு வீட்டில் நிதானமாக லென்ஸைப் போட்டுக்கொண்டு, மூன்று சக்கர டிரைஷாவில் போய் இறங்கி, படித்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. அம்மாவின் கணக்கு வேறு.

"சனிக்கிழம ஒம்பதுலேருந்து பத்தர வரைக்கும் ராகு காலம்டி. இந்த வேலைக்கு ராகு காலத்துல வாசல் தாண்டுவியா? ஒம்பதுக்கு முன்னாடி கெளம்பு."

"அம்மா, கண்ணு தாங்காது. சீக்கிரமே போட்டா அங்க மேகம் கட்டிடும்."

"அங்க போயி போட்டுக்க."

"எங்க போட்டுக்குறது? அந்த டாக்டர் மூஞ்சிக்கு நேராவா?"

ஆஸ்பத்திரிக் குளியலறையில் சிமெண்டுத் தரையில் லென்ஸ் விழுந்தால் கீறிப்போகும் என்று நானா முன்பே சொல்லியிருந்தார். சண்டை போட்டுக்கொண்டே நேரம் போனது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஆத்திரத்தில் அப்போதே லென்ஸைப் போட்டுக்கொண்டு, ஒன்பதுக்கு முன்னால் வாசலைத் தாண்டினோம். முச்சந்தி வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. சோடாத் தண்ணீர் பாட்டிலும் ரப்பர் குமிழும் வைத்திருந்த பை ஆணியிலேயே தொங்குகிறது.

"நில்லும்மா, பையை எடுத்துட்டு வந்துடுறேன்."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கெளம்புனவ திரும்பக் கூடாது. செத்தாலும் திரும்பக் கூடாது." என் வாய் பெரியதுதான். ஆனாலும் அந்தக் கையை உதறிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எங்களுக்கு முன்னாலேயே பலர் பெஞ்சில் இருந்தார்கள். பத்து மணிக்கு டாக்டர் வரவில்லை. ஏதோ லாரி விபத்து, அறுவை அறைக்குள் இருக்கிறார் என்றார் மிஸ்ஸி. வெள்ளை உடுப்பில் விறைப்பாக நின்ற அந்த நர்ஸின் தொப்பி மடிப்புகூட எனக்குக் கத்தி மாதிரி தெளிவாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி படித்தேன். எழுத்து இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனதும் தாழ்வார விளக்கைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம். பச்சை, அதற்கு வெளியே சிவப்பு.

"வந்துடுச்சு" என்றேன்.

"டாக்டரா?" என்றாள் அம்மா.

"வானவில்லு."

கண்ணை மூடி உட்கார்ந்தேன். திறந்தால் வளையம் தடித்திருந்தது. அறிவிப்பின் சின்ன எழுத்துகள் போய்விட்டன. பெரிய எழுத்துகள் பாலில் மிதந்தன. அம்மா முருகா முருகா என்று முணுமுணுத்தாள். "கொஞ்சம் சும்மா இரும்மா, எனக்கு அழுக வருது" என்றேன். என் வேலை, எங்கள் சோறு, அம்மாவின் கை, எல்லாம் அந்தச் சுவரில் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தன. என்னால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

என்னைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. உள்ளே அதே நெட்டை டாக்டர். எழுத்துப் பலகையைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் விளக்கை எடுத்து என் கண்ணுக்குள் அடித்தார். அடித்த விளக்கு அப்படியே நின்றது.

"இது என்ன?"

சொன்னேன்.

"கழற்று."

ரப்பர் குமிழ் இல்லை. விரலால் இமையை லென்ஸின் ஓரத்துக்குக் கீழே தள்ளி நெம்ப வேண்டும். வலி உச்சந்தலைக்கு ஏறியது. ஒன்று வந்தது. மற்றதும் வந்தது. மிஸ்ஸி ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி நீட்ட, அதில் போட்டேன். டாக்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் விபத்து நோயாளிக்கு இரத்தம் நிற்கவில்லை என்று ஆள் ஓடிவந்தது. "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு டாக்டரும் மிஸ்ஸியும் போய்விட்டார்கள்.

நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறை முழுக்க வெறும் வெள்ளை. சுவர் எது, கதவு எது என்று தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. யாரோ தட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

"தட்டக் கொடும்மா, கழுவணும்" என்றது ஒரு குரல். ஆயா.

"எடுக்காதீங்க! உள்ள என் கண்ணு இருக்கு!"

"என்னது? கண்ணா? வெறும் தண்ணில்ல இருக்கு." மறுபடி இழுத்தாள்.

"கைய எடுக்கலன்னா கடிச்சிடுவேன்" என்றேன். கடித்தும் இருப்பேன். ஆயா எதையோ முனகிக்கொண்டே போய்விட்டாள். நான் தட்டின் மேல் இரண்டு கையையும் குடை மாதிரி கவிழ்த்துக்கொண்டேன்.

டாக்டர் திரும்பி வர வெகுநேரமாகியது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். யார் செய்தது என்று கேட்டார். கேட்டால் சொல்லிவிடு, நான் ஒளிகிற ஆள் இல்லை என்று நானா முன்பே சொல்லியிருந்தார். சொன்னேன்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். "ஒரு கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை? ஒரு கீறல், அதில் சீழ், அப்புறம் கண்ணையே எடுக்க வேண்டியதுதான். அப்படிக் கெட்டுப்போன கண்களை என் கையால் எடுத்திருக்கிறேன். உனக்கு அது தெரியுமா?" எனக்குத் தெரியாது. அந்த நிமிடம்தான் எனக்கு உள்ளுக்குள் நிஜமாகவே நடுங்கியது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"நான் முதலில் உங்களிடம்தான் வந்தேன் டாக்டர். ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்னீர்கள். அதற்கப்புறம்தான் கடைக்குப் போனேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். பிறகு, "போடு பார்க்கலாம்" என்றார்.

குனிந்து ஏற்றினேன். முதல் தடவை காற்றுக் குமிழ் நுழைந்துவிட்டது. கழற்றி, ஆஸ்பத்திரி உப்புத் தண்ணீரைப் புதிதாக ஊற்றி, மறுபடி குனிந்தேன். உட்கார்ந்தது. மற்றதும் உட்கார்ந்தது. நிமிர்ந்தேன். மேகம் இல்லை! தட்டைக் கட்டிக்கொண்டு காத்துக் கிடந்த நேரத்தில் கண் இளைப்பாறியிருந்தது. பலகையில் எழுத்துகள் கறுப்பாக, ஒற்றையாக நின்றன. மேலிருந்து கீழே மளமளவென்று படித்தேன். அச்சுப் போட்ட கம்பெனிப் பெயர் அடியில் பொடியாக இருந்தது, அதையும் சேர்த்துப் படித்தேன். மிஸ்ஸி சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் இதைப் போட்டுக்கொள்ள முடியும்?"

நாள் முழுக்க என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடைவேளை மணி வரைக்கும்" என்றேன்.

"பள்ளிக்கூடம் அதற்கு அப்புறமும் உண்டே. பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வாய்?"

"பாதி நாள் கண்ணால் பாடம் நடத்துவேன், மீதி நாள் வாயால் நடத்துவேன். வாய்ப்பாடும் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கக் கண் எதற்கு? இத்தனை நாளும் அப்படித்தானே நடத்தினேன்?"

அவர் பேனாவை எடுத்தார். தாளில் எழுதிக்கொண்டே பேசினார். ஒரு வருடத்துக்குத் தகுதி, மாதாமாதம் வந்து கண்ணைக் காட்ட வேண்டும், வருட முடிவில் பாதி நாள் போதுமா என்பதைப் பள்ளிக்கூடம் சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். அந்தக் கடைக்காரனையும் அவனுடைய கிண்ணத்தையும் திங்கட்கிழமை இங்கே வரச் சொல், எப்படிச் செய்தான் என்று நானே பார்க்கிறேன் என்றார். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். தாழ்வாரம் என்றுகூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலையில் கரும்பலகையில் நேராக எழுதினேன். பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் வரிசையில் ஒரு சின்னப் பெண், துவைத்த சட்டை, சிவப்பு ரிப்பன், நான் பார்க்கும்போதெல்லாம் பளிச்சென்று சிரித்தாள். நல்ல வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். இடைவேளையில் மேசை நாற்காலி அடுக்கி வைக்கும் அறைக்குப் போய் லென்ஸைக் கழற்றினேன். திரும்பி வந்தபோது வகுப்பு வெறும் நிறமாக இருந்தது. அந்த டாக்டர் கேட்டது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பார்க்க முடியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வேன்?

"புத்தகத்தை மூடுங்க. ஏழாம் வாய்ப்பாடு. ஆளுக்கு ஒரு வரி, எழுந்து நின்னு சொல்லணும்."

வரிசையாகக் குரல்கள் வந்தன. கத்துகிற குரல், மழுப்புகிற குரல், பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிற குரல். முதல் வரிசைக்கு வந்ததும் ஒரு குரல் வரியைச் சரியாகத்தான் ஆரம்பித்தது. முடிப்பதற்குள் காற்றுப் போய், கடைசிச் சொல் வறண்டு விழுந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் நானும் அம்மாவும் அந்தக் குரலில்தான் பேசிக்கொண்டோம்.

"இங்க வா."

வந்து நின்றாள். சிவப்பாக ஒரு புள்ளி. ரிப்பன்.

"காலையில சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் டீச்சர்." பளிச்சென்று சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியவில்லை.

"பொய் சொல்லாத. எப்ப சாப்பிட்ட?"

சிவப்புப் புள்ளி இன்னும் கிட்டே வந்தது. பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "நேத்து மத்தியானம்" என்றாள்.

நான் என் சாப்பாட்டு டப்பாவைத் தடவி எடுத்து அவள் கையில் வைத்து, என் நாற்காலியிலேயே உட்காரவைத்தேன். "அடுத்த ஆள் சொல்லு" என்றேன். வாய்ப்பாடு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. என் பக்கத்தில் அவள் சாப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.